ஹோம் லோனை முன்கூட்டியே முடிக்கப் போறீங்களா? எங்கெங்க காசு போகும், எந்தெந்த பேப்பரை விடாம வாங்கணும்: முழு வழிகாட்டி

ஹோம் லோனை க்ளோஸ் பண்ணப் போறேன்னு சொன்னதுமே வீட்ல, ஆபீஸ்ல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி "பெனால்டி எவ்ளோ போடுவான்?"ங்கறதுதான். நானும் அதை நெனச்சு தான் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டேன். கடைசில பாத்தா எனக்கு பெனால்டி பூஜ்யம். ஆனா பணம் கட்டி முடிச்ச நாள்லேர்ந்து சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல எம்ஓடி ரசீது (அடமானக் கடன் அடைஞ்சதுங்கற ஆவணம்) பதிஞ்சு வில்லங்கத்துல ஏறுற வரைக்கும் எனக்கு நாலு மாசம் ஆச்சு, அந்த நாலு மாசத்துல தான் எல்லா அலைச்சலும், சில்லறை சில்லறையா எல்லா செலவும். பேங்க்காரங்களுக்கு பணம் வந்ததோட வேலை முடிஞ்சுது, நமக்கு அப்பதான் ஆரம்பிக்குது. அதனால இதை வரிசைப்படி எழுதறேன், நம்ம தமிழ்நாட்டு நடைமுறை எப்படியோ அப்படி.

முதல்ல: உங்க லோன் ஃப்ளோட்டிங்கா ஃபிக்ஸடா?

எல்லாமே இதுல தான் இருக்கு. சாங்ஷன் லெட்டரை எடுங்க, இல்லன்னா பேங்க் ஆப்ல லோன் டீடெயில்ஸ்ல பாருங்க. வட்டி அப்பப்ப ஏறி இறங்கிட்டு இருந்தா ஃப்ளோட்டிங், மாறாம ஒரே வட்டியா இருந்தா ஃபிக்ஸட். 2019 அக்டோபர் 1க்கு அப்புறம் பேங்க்ல ஃப்ளோட்டிங்ல ஹோம் லோன் வாங்கினவங்களோட வட்டி ரெப்போ (பேங்க்குகளுக்கு ரிசர்வ் பேங்க் கடன் குடுக்கற வட்டி) மாதிரி ஒரு வெளி ரேட்டோட கட்டி வச்சிருக்கும், அதனால பேங்க் கஸ்டமர்கள்ல பெரும்பாலானவங்க ஃப்ளோட்டிங் தான்.

ஃப்ளோட்டிங்கா இருந்து, தனிநபர் பேர்ல இருந்தா, முன்கூட்டியே அடைக்கறதுக்கு ஒத்த பைசா சார்ஜ் போடக்கூடாது. பேங்க்குகளுக்கு ரிசர்வ் பேங்க் இதை 2012 ஜூன்லயே சொல்லிருச்சு, ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனிகளுக்கு நேஷனல் ஹவுசிங் பேங்க் 2011லயே சொல்லியாச்சு. மனைவி பேரும் சேர்த்து ஜாயின்ட்டா இருந்தாலும் இதேதான். ஊர்ல நிலம் வித்த காசா, பிஎஃப் பணமா, நகையை அடகு வச்சதா, வேற பேங்க்ல வாங்கின லோனா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டு அதுக்கேத்த மாதிரி சார்ஜ் போடற கதையும் ஃப்ளோட்டிங்ல நடக்காது. "மூணு வருஷம் முடியல சார், லாக்-இன் இருக்கு"ன்னு கவுன்டர்ல சொன்னாலும் கேட்டுட்டு வந்துடாதீங்க, எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, பாதி பேர் அங்கயே ஜகா வாங்கிருவாங்க.

ஃபிக்ஸட்னா கதை வேற. பொதுவா மிச்சமிருக்கற அசல்ல 2 சதவீதத்துலேர்ந்து 4 சதவீதம் வரைக்கும் போடுவாங்க, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. உதாரணத்துக்கு 14,60,000 பாக்கி இருந்து 2 சதவீதம்னா 29,200, அதுக்கு ஜிஎஸ்டி 5,256, ஆக 34,456 ரூபா. ஆனா ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனில வாங்கின பழைய ஃபிக்ஸட் லோன்களுக்கு ஒரு சலுகை இருந்துச்சு, சொந்தக் காசுல அடைச்சா சார்ஜ் கிடையாது, இன்னொரு இடத்துல கடன் வாங்கி அடைச்சா மட்டும் தான் சார்ஜ். அப்படிப்பட்ட லோன்னா உங்க அக்ரிமென்ட்ல அந்த வரி இருக்கான்னு தேடுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.

நடுவுல ஒரு வகை இருக்கு, முதல் ரெண்டு மூணு வருஷம் ஃபிக்ஸட், அப்புறம் ஃப்ளோட்டிங். இதுல நிறைய பேர் குழம்புறாங்க. 2025 ஜூலைல ரிசர்வ் பேங்க் போட்ட புது உத்தரவு, 2026 ஜனவரி 1லேர்ந்து சாங்ஷன் ஆகற இல்ல புதுப்பிக்கற லோன்களுக்கு, இதைத் தெளிவா சொல்லுது: நீங்க அடைக்கற அந்த நேரத்துல லோன் ஃப்ளோட்டிங்ல இருந்தா சார்ஜ் கிடையாது. அதே உத்தரவுல எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், சார்ஜ் வேணாம்னு முன்னாடி விட்டுக்குடுத்ததை எல்லாம் க்ளோஸ் பண்ற அன்னைக்கு திருப்பிக் கேக்கக்கூடாது. "ப்ராசஸிங் ஃபீஸ் ஃப்ரீயா குடுத்தோம்ல, இப்ப அதைக் கட்டிட்டுப் போங்க"ன்னு சொல்ற ஆட்டத்துக்கு இதோட முற்றுப்புள்ளி.

வீட்டை அடமானம் வச்சு பிசினஸுக்கு வாங்கின லோன் இருக்கே, அதுக்கு இத்தனை நாள் இந்தப் பாதுகாப்பு கிடையாது, கடைக்காரங்க நிறைய பேர் 4 சதவீதம் கட்டித் தான் வெளிய வந்தாங்க. அதே 2026 ஜனவரி கணக்குல, தனிநபரும் சின்ன நிறுவனங்களும் பிசினஸுக்கு வாங்கற ஃப்ளோட்டிங் லோனுக்கும் பெரிய பேங்க்குகள், பெரிய பைனான்ஸ் கம்பெனிகள் சார்ஜ் போட முடியாது. சின்ன பைனான்ஸ் பேங்க், கிராம வங்கி மாதிரி சில இடங்கள்ல 50 லட்சம் வரைக்கும் உள்ள லோனுக்கு மட்டும் தான் இந்தச் சலுகை. பழைய லோனுக்கு பழைய அக்ரிமென்ட் தான்.

ரெண்டாவது: ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் வாங்கி வரி வரியா படிங்க

ஆப்ல காட்டற பாக்கித் தொகையை நம்பி பணத்தை ரெடி பண்ணாதீங்க. அது அசல் மட்டும். லோனை முழுசா முடிக்க மொத்தம் எவ்ளோ கட்டணும்னு காட்டற பேப்பரை ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட்னு தனியா கேட்டு வாங்கணும், ப்ராஞ்சுல எழுதிக் குடுக்கணும் இல்லன்னா மெயில் போடணும், சில இடத்துல ஆன்லைன்லயே டவுன்லோட் ஆகும். இந்த ஒரு பேப்பருக்கே சில இடத்துல தனியா சார்ஜ் உண்டு.

அந்த பேப்பர்ல அசல், இன்னைய தேதி வரைக்கும் வட்டி, ஏதாவது இஎம்ஐ லேட்டா போயிருந்தா அதுக்கான அபராதம், செக் பவுன்ஸ் சார்ஜ், இதெல்லாம் தனித்தனி வரில வரும். என் பேப்பர்ல கீழ "இதர கட்டணம் 590"னு ஒரு வரி. 500ம் அதுக்கு ஜிஎஸ்டி 90ம்னு பாத்ததுமே தெரிஞ்சுது, ஆனா எதுக்குன்னு தான் தெரியல. கவுன்டர்ல இருந்த பொண்ணு ஸ்க்ரீனை பாத்துட்டு "டாக்குமென்ட் ஹேண்ட்லிங் சார்"ன்னுச்சு. என் சாங்ஷன் லெட்டர்ல இருந்த கட்டணப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயிருந்தேன், அதுல அப்படி ஒண்ணு இல்லைன்னு காட்டினேன், மேனேஜர் ரூமுக்குப் போய்ட்டு வந்து எடுத்துட்டாங்க. 590 ரூபா பெருசில்லை, ஆனா வாய் தொறந்து கேட்டதும் அஞ்சே நிமிஷத்துல எடுக்க முடியற சார்ஜை எதுக்கு போட்டாங்கங்கறது தான் என் கேள்வி.

2024 அக்டோபர் 1க்கு அப்புறம் லோன் வாங்கினவங்களுக்கு இது இன்னும் சுலபம். கேஎஃப்எஸ்னு ஒரு பேப்பர் குடுத்திருப்பாங்க, லோனோட முக்கிய விவரம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். அதுல எழுதாத எந்தக் கட்டணத்தையும் நம்ம சம்மதம் இல்லாம லோன் காலம் முழுக்க வாங்க முடியாது. க்ளோஸ் பண்ணப் போறப்ப அந்த பேப்பர் கையில இருக்கணும்.

மூணாவது: எந்த தேதில கட்டறது

ஸ்டேட்மென்ட்ல ஒரு தேதி வரைக்கும் தான் அந்தத் தொகை செல்லும்னு போட்டிருக்கும், பக்கத்துலயே ஒரு நாளைக்கு எவ்ளோ வட்டின்னும் இருக்கும். இல்லன்னா நீங்களே போட்டுக்கலாம், அசலை வருஷ வட்டியால பெருக்கி 365ஆல வகுங்க, அவ்ளோதான். 14,60,000 பாக்கி, 8.5 சதவீதம்னா வருஷத்துக்கு 1,24,100, ஒரு நாளைக்கு 340 ரூபா. இஎம்ஐ போன அடுத்த நாளே கட்டறதுக்கும் பதினேழு நாள் கழிச்சு கட்டறதுக்கும் 5,440 ரூபா வித்தியாசம். காசு கையில வந்துருச்சுன்னா நல்ல நாள் பாக்க வேணாம்னு சொல்வேன், எங்கம்மா ஒத்துக்கல, வளர்பிறை முகூர்த்த நாள் பாத்து தான் கட்டினோம், அதுக்கு மூணு நாள் வட்டி எக்ஸ்ட்ரா போச்சு, போகட்டும்.

ஆனா இஎம்ஐ தேதியை ஒட்டி மட்டும் கட்டாதீங்க. இஎம்ஐ 5ஆம் தேதின்னா 2, 3 தேதில கட்டினீங்கன்னா, அந்த மாசத்து ஆட்டோ டெபிட் ஃபைல் ஏற்கனவே போயிருக்கும், லோனும் முடிஞ்சு இஎம்ஐயும் புடிச்சிருவாங்க. திரும்ப வரும், ஆனா நீங்க நாலு மெயில் போட்ட அப்புறம் வரும். இஎம்ஐ போய் ஒரு வாரம் கழிச்சு கட்டறது தான் நிம்மதி.

அப்புறம் உண்மையிலேயே இப்ப அடைக்கறது லாபமான்னு ஒரு தடவை கணக்கு போட்டுக்குங்க. மேல சொன்ன அதே 14,60,000க்கு இன்னும் அஞ்சு வருஷம் பாக்கி இருந்தா இஎம்ஐ கிட்டத்தட்ட 29,950 வரும், கடைசி வரைக்கும் கட்டினா வட்டியா மட்டும் சுமார் 3,37,000 போகும். முன்னாடியே முடிச்சா அது மிச்சம். ஆனா அந்த 14,60,000ஐ வச்சிருந்தா அதுவும் எங்கயாவது வட்டி ஈட்டும்ல, ரெண்டுக்கும் வித்தியாசம் தான் உங்க லாபம். கையில இருக்கற மொத்தத்தையும் லோன்ல கொட்டிட்டு, அடுத்த மாசம் ஆஸ்பத்திரி செலவுக்கு 14 சதவீதத்துல பெர்சனல் லோன் வாங்கினா என்ன பிரயோஜனம். ஆறு மாச வீட்டுச் செலவை தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துல யோசிங்க. முழுசா முடியலன்னா பாதியைக் கட்டி, இஎம்ஐயை அப்படியே வச்சு காலத்தைக் குறைக்கச் சொல்லுங்க, ஃப்ளோட்டிங்ல அதுக்கும் சார்ஜ் கிடையாது.

நாலாவது: பணம் கட்டறது, ஆட்டோ டெபிட்டை நிறுத்தறது

ரெண்டு லட்சத்துக்கு மேலன்னா ஆர்டிஜிஎஸ், அது இப்ப 24 மணி நேரமும் ஓடுது. நெட் பேங்கிங்ல சார்ஜ் இல்லாமலே போகும் பெரும்பாலும், ப்ராஞ்சுல போய் ஃபார்ம் எழுதினா அஞ்சு லட்சத்துக்கு மேல அதிகபட்சம் 49.50ம் ஜிஎஸ்டியும். லோன் அக்கவுன்ட்டுக்கு நேரா போகுதா, இல்ல சேவிங்ஸ்ல போட்டு அங்கேர்ந்து எடுக்கறாங்களான்னு முன்னாடியே கேட்டுக்குங்க. சும்மா பெரிய தொகையை லோன் அக்கவுன்ட்ல போட்டா சிஸ்டம் அதை பகுதித் தொகையா எடுத்துக்கும், க்ளோஷரா எடுத்துக்காது. "க்ளோஸ் பண்ணுங்க"ன்னு ஒரு லெட்டர் கண்டிப்பா குடுக்கணும், அதுல சீல் போட்ட காப்பி வாங்கி வச்சுக்கணும்.

என் கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுத் தொகையும் கட்டினாரு, பேங்க் அதை திங்கட்கிழமை தான் க்ளோஷரா போட்டுச்சு, நடுவுல ஓடின வட்டி சொச்சம் ஏதோ ஆயிரம் ரூபா பாக்கி நின்னுச்சு. அவருக்கு யாரும் சொல்லல. எட்டு மாசம் கழிச்சு கார் லோனுக்குப் போனப்ப ஹோம் லோன் இன்னும் ஆக்டிவ், அதுவும் பாக்கியோடன்னு சிபில்ல (நம்ம கடன் வரலாறு காட்டற ரிப்போர்ட்ல) வருது! அதனால கட்டி ரெண்டு நாள் கழிச்சு லோன் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் எடுத்து கடைசி வரில பூஜ்யம் இருக்கா, நிலைமைங்கற இடத்துல க்ளோஸ்டுன்னு இருக்கான்னு உங்க கண்ணால பாருங்க.

ஓவர் டிராஃப்ட் மாதிரி ஹோம் லோன் வச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். அதுல உபரிப் பணத்தைப் போட்டு பாக்கி பூஜ்யம் ஆனாலும் லோன் உயிரோட தான் இருக்கும், வீடும் அடமானத்துல தான் இருக்கும். எழுதிக் குடுத்து மூடணும்.

ஆட்டோ டெபிட் மேண்டேட் வேற பேங்க் அக்கவுன்ட்லேர்ந்துன்னா, லோன் குடுத்தவங்க கிட்ட கேன்சல் பண்ணச் சொல்றதோட உங்க அக்கவுன்ட் இருக்கற பேங்க்லயும் போய் கேன்சல் பண்ணுங்க. ஆரம்பத்துல குடுத்த செக் லீஃப் இருந்தா எண்ணித் திரும்ப வாங்கணும்.

அஞ்சாவது: பத்திரம் கைக்கு வர்றது

இங்க ரிசர்வ் பேங்க் நமக்கு நல்ல ஆயுதம் ஒண்ணு குடுத்திருக்கு. 2023 டிசம்பர் 1லேர்ந்து, முழுசா கட்டி முடிச்ச 30 நாளைக்குள்ள எல்லா ஒரிஜினல் டாக்குமென்ட்டும் திரும்பத் தரணும், சொத்து மேல பதிஞ்சிருக்கற அடமானத்தையும் நீக்கணும். அவங்க தப்பால லேட் ஆனா ஒரு நாளைக்கு 5,000 ரூபா நமக்குத் தரணும். பன்னெண்டு நாள் லேட்னா 60,000. பத்திரம் தொலைஞ்சு போச்சு இல்ல கிழிஞ்சு போச்சுன்னா நகல் எடுக்கற செலவு அவங்களோடது, அதுக்கு கூட ஒரு 30 நாள் டைம் அவங்களுக்கு, அதுக்கும் மேல போனா அதே 5,000. லோன் ஓடின ப்ராஞ்சுலயே வாங்கறதா, டாக்குமென்ட் இருக்கற வேற ஆபீஸ்லயாங்கறதும் நம்ம விருப்பம். எங்க வீடு திருச்சி பக்கம், பத்திரம் சென்னைல சென்ட்ரல் ஸ்டோரேஜ்ல இருக்கு நீங்க போய் வாங்கிக்கிறீங்களான்னாங்க, முடியாது இங்க வரவழைச்சுக் குடுங்கன்னுட்டேன், இருபத்தாறாவது நாள் வந்துச்சு. சார்ஜ் எதுவும் கேக்கல.

வாங்கறப்ப அவசரப்படாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். லோன் வாங்கின அன்னைக்கு டாக்குமென்ட் லிஸ்ட் ஒண்ணு குடுத்திருப்பாங்க. அதை வச்சு ஒவ்வொண்ணா டிக் அடிங்க: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, அப்ரூவ்டு ப்ளான், எம்ஓடி பத்திரம், அபார்ட்மென்ட்னா கட்டுமான ஒப்பந்தம். நான் ப்ராஞ்சுல ஒரு ஸ்டூல்ல உக்காந்து ஒவ்வொரு பக்கமா திருப்பினேன், 1987 தாய்ப்பத்திரத்துல நாலாவது தாளுக்கு அப்புறம் ஆறாவது தாள் வருது. அஞ்சைக் காணோம். அங்க இருந்தவர் "சார் இதெல்லாம் யார் பாக்கப் போறா"ன்னு சிரிச்சாரு. வீட்டை விக்கறப்ப வாங்கறவனோட வக்கீல் பாப்பான்! கையெழுத்து போட மாட்டேன்னு உக்காந்தேன், ஒரு மணி நேரத்துல அந்தத் தாள் வேற ஒருத்தரோட கவர்லேர்ந்து வந்துச்சு. எல்லாம் வாங்கிட்டேன்னு அந்த ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டு வெளிய வந்துட்டா அப்புறம் நீங்க தான் தொலைச்சீங்கன்னு ஆயிரும்.

கூடவே வாங்க வேண்டியது, பாக்கி இல்லைங்கற சான்று. அதுல லோன் நம்பர், சொத்து விலாசம், சர்வே நம்பர், க்ளோஸ் ஆன தேதி எல்லாம் இருக்கணும், "இந்தச் சொத்து மேல எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை"ங்கற வரியும் இருக்கணும். வெறும் "லோன் முடிந்தது"ன்னு ரெண்டு வரி குடுத்தா திருப்பிக் குடுத்து எழுதி வாங்குங்க.

லோன் எடுத்தவர் இறந்துட்டா வாரிசுங்க கிட்ட பத்திரத்தைக் குடுக்கறதுக்கு ஒவ்வொரு பேங்க்கும் தனி நடைமுறை வச்சிருக்கணும், அதை வெப்சைட்லயும் போட்டிருக்கணும், அதைப் பாத்துட்டுப் போங்க.

ஆறாவது: எம்ஓடி ரசீது, நிறைய பேர் விட்டுடறது

லோன் வாங்கறப்ப சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல போய் போட்டோ எடுத்து கைரேகை வச்சீங்கல்ல, அது தான் எம்ஓடி, பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்சதுக்கான பதிவு. அன்னைக்கு அதுக்கு லோன் தொகைல 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வையும் (இப்போதைய உச்சவரம்பு 30,000), 1 சதவீதம் பதிவுக் கட்டணமும் (உச்சவரம்பு 6,000) கட்டறாங்க. வில்லங்கத்துல அந்தப் பதிவு அப்படியே உக்காந்திருக்கும். நீங்க லோனை அடைச்சது சப்-ரிஜிஸ்ட்ராருக்கு தானா தெரியாது, பேங்க் வந்து கடன் அடைஞ்சதுன்னு ரசீது ஆவணம் பதிவு பண்ணணும்.

இதுக்கு செலவு ரொம்பக் கம்மி, அதான் கொடுமை. ரசீது ஆவணத்துக்கு பதிவுக் கட்டணம் முன்னாடி 20 ரூபாயா இருந்துச்சு, 2023 ஜூலைலேர்ந்து 200. அதோட முத்திரைத்தாள், கம்ப்யூட்டர் கட்டணம்னு சில்லறை. பத்திரம் எழுதறவர் கூலி ஆளுக்கு ஆள் மாறும், எங்க ஊர்ல 2,500 கேட்டாரு, 1,500க்கு முடிச்சோம். லோன் வாங்கறப்ப எல்லாம் ஓடி ஓடி செஞ்ச பேங்க், இதுக்கு மட்டும் "நீங்களே ட்ராஃப்ட் ரெடி பண்ணி டோக்கன் போட்டுச் சொல்லுங்க, ஆபீசர் வருவாரு"ன்னுச்சு.

அந்த ஆபீசர் வர்றது தான் விஷயம். எனக்கு முதல் டோக்கன் அன்னைக்கு அவருக்கு ஆடிட், ரெண்டாவது அன்னைக்கு அவர் ட்ரான்ஸ்ஃபர், புதுசா வந்தவருக்கு கையெழுத்து அதிகாரம் வர மூணு வாரம். மூணாவது தடவை காலைல பத்தரைக்கு டோக்கன், மனுஷன் பன்னெண்டே முக்காலுக்கு ஆட்டோல வந்து இறங்கறாரு, ஐடி கார்டு இருக்கு, அதிகாரக் கடிதம் ப்ராஞ்சுலயே விட்டுட்டு வந்துட்டாரு. வாட்ஸ்அப்ல வரவழைச்சு பக்கத்து ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் போட்டா கிளார்க் ஒரிஜினல் தான் வேணும்ங்கறாரு. மறுபடி ஆட்டோ. மத்தியானம் மூணு மணிக்கு தான் அவர் விரலை மெஷின்ல வச்சாரு. அதனால நான் சொல்றது: பணம் கட்டற அன்னைக்கு குடுக்கற க்ளோஷர் லெட்டர்லயே "எம்ஓடி ரசீதும் 30 நாளைக்குள்ள பதிவு பண்ணித் தரணும்"னு ஒரு வரி எழுதிடுங்க, ஏன்னா அந்த 30 நாள் விதில பத்திரம் மட்டும் இல்ல, பதிஞ்ச அடமானத்தை நீக்கறதும் சேர்த்தி. நான் எழுதல, அதான் நாலு மாசம்.

போறப்ப எம்ஓடி ஒரிஜினல், பாக்கி இல்லைங்கற சான்று, ஆதார், ரெண்டு சாட்சி, பேங்க் ஆபீசரோட ஐடி, அதிகாரக் கடிதம் எல்லாம் முந்தின நாளே சரி பாத்துக்குங்க. பதிவு ஆனதுக்கு அப்புறம் டிஎன்ரெஜிநெட்ங்கற பதிவுத்துறை சைட்ல வில்லங்கம் போட்டுப் பாக்கலாம், பாக்கறதுக்கு காசு கிடையாது. பழைய எம்ஓடி வரி அழியாது, கீழ ரசீதுன்னு புதுசா ஒரு வரி வரும், அதுல எம்ஓடியோட டாக்குமென்ட் நம்பரும் வருஷமும் சரியா இருக்கான்னு பாருங்க. ஒரு நம்பர் மாறினாலும் திருத்தப் பத்திரம்னு இன்னொரு நாள் போயிரும்.

சில பழைய லோன்ல எம்ஓடி பதிவே பண்ணியிருக்க மாட்டாங்க, பத்திரத்தை மட்டும் வாங்கி வச்சிருப்பாங்க. வில்லங்கத்துல அப்படி எதுவும் இல்லன்னா இந்த வேலையே இல்லை.

செர்சாய், சிபில், இன்சூரன்ஸ்

செர்சாய்னு மத்திய அரசோட ஒரு பதிவேடு இருக்கு, எந்த சொத்து எந்த பேங்க்ல அடமானம்னு அதுல இருக்கும். அதுலேர்ந்து நீக்கறது பேங்க் வேலை, நம்மகிட்ட காசு கேக்க வேண்டியதில்லை. லேட் ஆனா இதுக்கும் அந்த 5,000 கணக்கு தான். நீக்கியாச்சுன்னு ஒரு மெயில் வாங்கி வச்சுக்குங்க.

சிபிலுக்கு குறைஞ்சது 15 நாளைக்கு ஒரு தடவையாவது பேங்க் விவரம் அனுப்பணும், ஆக ஒரு மாசம் கழிச்சு பாத்தா க்ளோஸ்டுன்னு வந்திருக்கணும். "செட்டில்டு"ன்னு வந்திருந்தா உடனே சண்டை போடுங்க, அது பேரம் பேசி குறைச்சுக் கட்டினவங்களுக்குப் போடற முத்திரை, அடுத்த லோனுக்கு ஆப்பு. நாலு கம்பெனிகிட்டயும், அதாவது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க், வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசம். தப்பைச் சொல்லி 30 நாள்ல சரி பண்ணலன்னா ஒரு நாளைக்கு 100 ரூபா நஷ்டஈடு உண்டு.

லோனோட சேர்த்து தலைல கட்டின இன்சூரன்ஸ் ஞாபகம் இருக்கா? மொத்த ப்ரீமியத்தையும் லோன் தொகைல சேர்த்து எடுத்திருப்பாங்க. லோன் முன்னாடியே முடிஞ்சா மிச்ச காலத்துக்கு ஒரு தொகை திரும்பக் கிடைக்கலாம், இல்ல பாலிசியை அப்படியே தொடரலாம், பாலிசி பேப்பர்ல சரண்டர்னு இருக்கற பக்கத்தைப் படிங்க. பேங்க் இதை வாயே தொறந்து சொல்லாது. எல்ஐசி பாலிசி எதையாவது பேங்க் பேருக்கு எழுதிக் குடுத்திருந்தா அதையும் உங்க பேருக்கு மாத்தி வாங்கணும், வீட்டு தீ விபத்து பாலிசில பேங்க் பேர் இருந்தா எடுக்கச் சொல்லணும்.

டாக்ஸ்ல என்ன ஆகும்

பழைய முறைல டாக்ஸ் கட்டறவங்களுக்கு மட்டும் தான் இது பெரிய கவலை. சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு வட்டில வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும் கழிவு, அது நின்னுரும். அசலுக்கு 1.5 லட்சம் வரம்புக்குள்ள தான் கழிவு, அதனால ஒரே தடவைல 14 லட்சம் அடைச்சாலும் அந்த வருஷம் 1.5 லட்சம் தான் காட்ட முடியும். மார்ச்ல பாதி ஏப்ரல்ல மீதின்னு ரெண்டா பிரிச்சுக் கட்டினா ரெண்டு வருஷத்துலயும் காட்டலாம், நடுவுல ஓடற வட்டியை கழிச்சுப் பாத்துக்குங்க. வீட்டைச் சுவாதீனம் எடுத்த நிதியாண்டு முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தா, அசலுக்கு வாங்கின கழிவு எல்லாம் திரும்ப வருமானத்துல சேரும், இதை விக்கறவங்க மறந்துடறாங்க. க்ளோஸ் பண்ண அன்னைக்கே அந்த வருஷத்துக்கான வட்டி சர்டிபிகேட்டை வாங்கிடுங்க, அப்புறம் சிஸ்டத்துல லோனே காட்டலம்பாங்க.

அடைக்காம வேற பேங்க்குக்கு மாத்தறீங்கன்னா

பழைய பேங்க்ல சார்ஜ் இல்லைன்னு சந்தோஷப்பட்டு மாத்தாதீங்க, புது பேங்க்ல ப்ராசஸிங் ஃபீஸ், லீகல், வேல்யுவேஷன், இதோட திரும்ப ஒரு எம்ஓடி. 40 லட்சம்னா முத்திரைத் தீர்வை 20,000, பதிவு 6,000, ஆக 26,000 அங்கயே போச்சு. கால் சதவீத வட்டி வித்தியாசத்துக்காக, அதுவும் லோன் கடைசி வருஷங்கள்ல இருக்கறப்ப, இது எனக்கு நட்டமாத் தான் தெரியுது. அதுக்கு பதிலா இருக்கற பேங்க்லயே சின்ன கட்டணம் கட்டி வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, நிறைய பேருக்குக் குறைச்சிருக்காங்க.

எதுக்கும் அசையலன்னா

முதல்ல பேங்க்கோட குறைதீர்க்கும் மெயிலுக்கு எழுத்துல புகார், அந்த நம்பரைக் குறிச்சுக்குங்க. 30 நாள்ல பதில் இல்லை, இல்ல பதில் திருப்தி இல்லைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), அவங்களோட சிஎம்எஸ் போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது, வக்கீலும் வேணாம். எப்படி போடறதுன்னு கேக்க 14448. புகார்ல கோவத்தைக் கொட்டாம தேதியை வரிசையா எழுதுங்க: இன்ன தேதி கட்டினேன், இன்ன தேதி லெட்டர் குடுத்தேன், 30ஆவது நாள் இன்னது, இன்னைக்கு வரைக்கும் இத்தனை நாள் லேட், ஒரு நாளைக்கு 5,000 வீதம் இவ்ளோ. சீல் போட்ட அந்த க்ளோஷர் லெட்டர் காப்பியை முதல் அட்டாச்மென்ட்டா வைங்க.